கொள்ளுத்தாத்தா ஊரைத் தேடித் தருவதும் ஒரு தொழில்தான்!

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணி. டீக்கடை முன்னால் வாடகை கார் ஒன்று வந்து நிற்கிறது. அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா இறங்குகிறார். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்து வந்திருக்கிறார். புடவை கட்டியிருக்கிறார், நெற்றியில் பொட்டும் இருக்கிறது. ஆனால், தமிழ் பேச வரவில்லை. கையில் ஒரே ஒரு தாள். அதில் அவருடைய கொள்ளுத்தாத்தாவின் பெயர், அவருடைய அப்பா பெயர், இந்த ஊரின் பெயர்.

டிரைவர் விஷயத்தைச் சொல்கிறார். பத்தே நிமிடத்தில் கூட்டம் கூடிவிடுகிறது.

‘‘முனுசாமியா? ஆறுமுகம் மகனா? எங்க பரம்பரையில முனுசாமின்னு ஒருத்தர் இருந்தாரும்மா. ஊரை விட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லைன்னு எங்க ஆயா சொல்லும்’’ என்கிறார் ஒரு பெரியவர்.

அவ்வளவுதான். அந்த அம்மா கண் கலங்குகிறார். பெரியவர் வீட்டில் வாழை இலை போட்டுச் சாப்பாடு. சுவாமி படத்துக்கு முன்னால் நிற்க வைத்துத் திருநீறு பூசுகிறார்கள். செல்போனில் நூறு படங்கள். போகும்போது கோயில் திருப்பணிக்கு ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுப் போகிறார். எல்லோருக்கும் சந்தோஷம்.

ஒரே ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. அந்த முனுசாமிதான் இந்த முனுசாமியா?

இந்தக் கேள்விக்கு விடை தேடித் தருவதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது. வம்சாவளி ஆய்வாளர். வெளிநாடுகளில் இதை முழுநேர வேலையாகச் செய்து சம்பாதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தமிழும் ஆங்கிலமும் தெரிந்து, பழைய காகிதங்களைப் பொறுமையாகப் புரட்டத் தெரிந்தவர்களுக்கு இங்கேயும் இதில் இடம் இருக்கிறது. ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர், வரலாறு படித்துவிட்டு வேலை தேடும் பட்டதாரி, வீட்டிலிருந்தபடி ஏதாவது செய்ய நினைக்கும் இல்லத்தரசி என்று யார் வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம்.

பழைய தொழில், புதிய வடிவம்

வம்சக் கணக்கு வைப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. ஹரித்வாரில் பண்டாக்கள் பல நூறு ஆண்டுகளாக யாத்ரீகர்களின் குடும்ப விவரங்களை நீள நீளமான பதிவேடுகளில் எழுதி வருகிறார்கள். ஊர் பெயரும் குடும்பப் பெயரும் சொன்னால், முன்பு வந்து போன தாத்தாவின் பெயரைக் காட்டிவிடுவார்கள். குஜராத்தில் வஹிவஞ்சா பாரோட்டுகள் என்பவர்களின் பரம்பரை வேலையே இதுதான். தமிழ்நாட்டிலும் சில சமூகங்களுக்குக் குடிப்பிள்ளைகள் இருந்தார்கள். வீடு வீடாக வந்து, அந்தக் குடும்பத்தின் முன்னோர் பெருமையைப் பாடி, நெல்லோ பணமோ வாங்கிப் போவார்கள்.

இன்றைய வம்சாவளி ஆய்வு வேறு வழியில் வளர்ந்தது. அமெரிக்காவில் 1976-ல் அலெக்ஸ் ஹேலி எழுதிய ‘ரூட்ஸ்’ நாவல் வெளியாகி, அடுத்த ஆண்டே தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. ‘நாமும் நம் முன்னோரைத் தேடினால் என்ன?’ என்ற ஆசை லட்சக்கணக்கானவர்களுக்கு வந்தது. 1979-ல் தொழில்முறை வம்சாவளி ஆய்வாளர்கள் அங்கே தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். இங்கிலாந்தில் 2004-ல் பிரபலங்களின் முன்னோரைத் தேடிப் போகும் நிகழ்ச்சியை பி.பி.சி. தொடங்கியது. இணையத்தில் ஆவணங்கள் ஏற ஏற, வீட்டில் உட்கார்ந்தே தேடலாம் என்ற நிலை வந்தது.

தமிழ் தெரிந்தவருக்கு ஏன் வேலை?

1860 அக்டோபரில் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து கிளம்பியது. நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. அதில் இருந்தவர்கள் 342 பேர். நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன முதல் இந்தியர்கள் அவர்கள்தான். அதிலிருந்து 1911 வரை அந்தக் கணக்கில் போனவர்கள் 1,52,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள். தமிழர்களும் தெலுங்கர்களுமே அவர்களில் அதிகம்.

மொரீஷியஸுக்கு 1834 முதல் போன இந்தியர்கள் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர். அவர்களிலும் தமிழர்கள் உண்டு. ஃபிஜி தீவுக்கு 1903-லிருந்து சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. ரீயூனியன், கயானா, மார்டினிக் என்று பட்டியல் நீளும்.

இந்த ஒப்பந்தக் கூலிகளுக்கு ஆங்கிலேயர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் போட்டு, கப்பல் பதிவேட்டில் விவரம் எழுதினார்கள். பெயர், அப்பா பெயர், வயது, சாதி, உயரம், மாவட்டம், தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு அல்லது மச்சம். ஆளை அடையாளம் வைத்துக்கொள்ள அவர்கள் எழுதியது, இன்று பேரப் பிள்ளைகளுக்கு அரிய சொத்தாகிவிட்டது. நேட்டால் கப்பல் பட்டியல்கள் கணினியில் ஏற்றப்பட்டு, குவாஸுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் ஆவண மையம் மூலம் பார்க்கக் கிடைக்கின்றன. மொரீஷியஸில் மோக்கா என்ற ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் அந்நாட்டுப் பதிவேடுகள் பாதுகாக்கப்படுகின்றன. சிலருடைய புகைப்படங்கள்கூட இருக்கின்றன.

ஆக, அந்தக் கரையில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. கப்பல் ஏறுவதற்கு முந்தைய கதை இந்தக் கரையில்தான் இருக்கிறது. அதைத் தேட, இங்கே உள்ள ஊர்களும் பெயர்களும் பழக்கவழக்கங்களும் தெரிந்த ஆள் வேண்டும்.

உணர்வு மட்டுமல்ல, தேவையும் இருக்கிறது. வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினர் ஓ.சி.ஐ. அட்டை வாங்க, முன்னோர் இந்தியாவைச் சேர்ந்தவர் என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். மொரீஷியஸில் உள்ளவர்களுக்கு ஏழாவது தலைமுறை வரை இந்தச் சலுகை நீட்டிக்கப்படுவதாக 2025 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. உள்ளூரிலும் வேலை உண்டு. பாகப்பிரிவினை வழக்கென்றால் வம்சாவளிப் பட்டியல் இல்லாமல் நகராது. யாருக்கு யார் பிள்ளை, எந்தத் தாரத்துப் பிள்ளை, வாரிசு இல்லாமல் இறந்தவர் யார் என்று ஆதாரத்தோடு எழுதித் தருகிறவரை வக்கீல்கள் மதிப்பார்கள்.

ஒரே பெயர், ஒரே அப்பா!

இனி, முனுசாமி விஷயத்துக்கு வருவோம்.

‘பேரன்’ என்ற சொல்லே ‘பெயரன்’ என்பதிலிருந்து வந்ததுதான். தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். ஆறுமுகம் மகன் முனுசாமி. அவருடைய மகனுக்குத் தாத்தா பெயர் ஆறுமுகம். அந்த ஆறுமுகத்தின் மகனுக்கு மறுபடி முனுசாமி. ஆக, ‘ஆறுமுகம் மகன் முனுசாமி’ என்று ஒரே குடும்பத்தில், ஒரே வீட்டில், இரண்டு தலைமுறை இடைவெளியில் இரண்டு பேர் இருப்பார்கள். பக்கத்துத் தெருவில் மூன்றாவதாக ஒருவரும் இருக்கலாம். பெயரும் அப்பா பெயரும் பொருந்திவிட்டது என்று துள்ளிக் குதித்தால் ஏமாந்துபோவோம்.

ஊர்ப் பெயரும் அப்படித்தான். நம் ஊர் உச்சரிப்பு வெள்ளைக்காரக் குமாஸ்தாவின் காதில் எப்படி விழுந்ததோ, அப்படி எழுதினார். வந்தவாசி ‘வாண்டிவாஷ்’ ஆனது. செங்கல்பட்டு ‘சிங்கிள்புட்’ ஆனது. இவையாவது பெரிய ஊர்கள். நாற்பது வீடுகள் உள்ள சிற்றூரின் பெயர் என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். போதாக்குறைக்கு, ஒரே பெயரில் ஒரே தாலுகாவில் இரண்டு மூன்று ஊர்கள் இருக்கும்.

மாவட்டத்தை அப்படியே நம்பலாமா? அதுவும் முடியாது. ‘வட ஆற்காடு’ என்று பதிவேட்டில் இருந்தால் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என எதுவாகவும் இருக்கலாம். 1911-ல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதற்கு முன்னால் சித்தூரும் வட ஆற்காட்டில்தான் இருந்தது. அதாவது, தேடும் ஊர் இன்று ஆந்திராவில் இருக்கக்கூடும். அதுபோல, பழைய ‘சேலம்’ மாவட்டத்துக்குள் தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் அடங்கும்.

போன இடத்தில் பெயர்களும் மாறின. தென்னாப்பிரிக்காவில் கவுண்டர் ‘கவெண்டர்’ ஆனார், முதலியார் ‘மூட்லி’ ஆனார். பலருக்கு அப்பா பெயரோ தாத்தா பெயரோ குடும்பப் பெயராகிவிட்டது. மொரீஷியஸில் வீரப்பன் ‘வீராப்பென்’ ஆனார். எழுத்தை மட்டும் பார்க்கிறவர் இதில் தடுமாறுவார். வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிற தமிழர், சட்டென்று பிடித்துவிடுவார்.

எப்படித்தான் உறுதிப்படுத்துவது? கப்பல் பதிவேட்டில் அவருக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களைப் பார்க்க வேண்டும். ஒரே ஊர்க்காரர்களும் உறவினர்களும் பெரும்பாலும் அடுத்தடுத்துப் பதிவாகியிருப்பார்கள். அங்கே நடந்த திருமணப் பதிவில் வேறு தகவல் இருக்கலாம். தென்னாப்பிரிக்காவில் ஒருவர் இறந்தால் கொடுக்கப்படும் இறப்பு அறிவிப்பில் பெற்றோர், பிள்ளைகள் பெயர் எழுதும் வழக்கம் உண்டு. இப்படி மூன்று நான்கு ஆவணங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால்தான், ‘இவர்தான் அவர்’ என்று சொல்லலாம்.

மலேயாவுக்கும் இலங்கைக்கும் கங்காணி மூலமாகப் போனவர்களின் கதை இன்னும் கஷ்டம். ஒப்பந்தக் கூலிகளுக்கு இருப்பதுபோல ஆளுக்கு ஆள் விரிவான கப்பல் பதிவு அவர்களுக்குப் பெரும்பாலும் கிடையாது. இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களில், 1964-ம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு எடுத்த பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் பெட்டி அடியில் இருக்கலாம். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

மொய் நோட்டும் ஆவணம்தான்

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், 1909-லிருந்து அதே கட்டடத்தில் இயங்குகிறது. அரசு ஆணைகள், நில வரி ஆவணங்கள் என்று கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலிருந்து அங்கே இருக்கின்றன. ஆய்வாளர்கள் முறைப்படி அனுமதி பெற்றுப் பார்க்கலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று, பழைய கிரயப் பத்திர நகல். தாலுகா அலுவலகத்தில் ‘அ’ பதிவேடு, நிலப் பதிவுகள். தேவாலயங்களில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவேடுகள் என்று பல வாசல்கள் உள்ளன. சென்னை மாகாணத்தில் வாழ்ந்த ஆங்கிலேய, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் தேவாலயப் பதிவுகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் இருக்கின்றன.

நம் வீடுகளில் இருப்பவை இன்னும் சுவையானவை. கல்யாண மொய் நோட்டைப் பாருங்கள். யார், எந்த ஊர், என்ன முறை என்று எல்லாம் அதில் இருக்கும். கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன், பெரியப்பா, சித்தப்பா வரிசை இருக்கும். கருமாதி பத்திரிகையில் பங்காளிகளும் சம்பந்திகளும் இருப்பார்கள். குலதெய்வக் கோயிலில் தலைக்கட்டு வரி வாங்கும் நோட்டு, அந்த வம்சத்தில் எத்தனை குடும்பங்கள், எந்தெந்த ஊரில் இருக்கின்றன என்ற கணக்கு. அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கும் வீடுகளில் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மூன்று தலைமுறைப் பெயர்கள் மனப்பாடமாக இருக்கும்.

இவற்றைப் படிக்கவும் ஒரு பயிற்சி வேண்டும். பழைய பத்திரங்களில் வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳, மேற்படி என்பதற்கு ௸ என்று குறியீடுகள் இருக்கும். எண்கள் தமிழ் எண்களாக இருக்கும். பல இடங்களில் புள்ளி வைத்திருக்க மாட்டார்கள். ஜாதகத்தில் ‘பரிதாபி வருஷம்’ என்று இருந்தால் அது 1912-ல் தொடங்கியதா, 1972-ல் தொடங்கியதா? அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருமே! காகிதத்தையும் மையையும், கூடவே எழுதியிருக்கும் மற்ற பெயர்களையும் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

கூலி எதற்கு?

இந்தத் தொழிலில் இறங்க நினைப்பவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. தேடும் நேரத்துக்குத்தான் கூலி, கண்டுபிடித்ததற்கு அல்ல.

‘கண்டுபிடித்துத் தந்தால்தான் பணம்’ என்று பேசினால் என்ன ஆகும்? எப்படியாவது ஒரு முனுசாமியைக் கண்டுபிடித்தே தீர வேண்டிய கட்டாயம் வந்துவிடும். வாடிக்கையாளருக்கும் ஆசை, ஆய்வாளருக்கும் பணம் வேண்டும். நடுவில் உண்மைதான் அடிபடும்.

இதற்கு ஓர் உதாரணம் உண்டு. குஸ்டாவ் ஆன்ஜூ (1863–1942) என்பவர் ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். அங்கிருந்த பணக்காரக் குடும்பங்கள் பலவற்றுக்கு வம்சாவளி எழுதிக் கொடுத்தார். ஐரோப்பாவின் பெரிய பரம்பரைகளோடு அவர்களை இணைத்தார். அவர்களும் பெருமையோடு வாங்கி வைத்துக்கொண்டார்கள். பின்னால் பார்த்தால், பல ஆதாரங்கள் அவரே இட்டுக்கட்டியவை! அந்தப் பொய்கள் புத்தகங்களில் ஏறி, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி, இன்றும் ஆராய்ச்சியாளர்களைக் குழப்புகின்றன. ஒரு தவறான இணைப்பு ஒரு குடும்பத்தோடு நிற்பதில்லை. அதன் கீழே வரும் எல்லாத் தலைமுறைகளும் வேறு யாருடைய தாத்தாவுக்கோ திதி கொடுத்துக்கொண்டிருக்கும்.

அதனால் தொழில்முறை ஆய்வாளர்கள் வேலையைப் பகுதி பகுதியாகப் பிரிக்கிறார்கள். முதல் கட்டத்துக்கு இத்தனை மணி நேரம், இன்னின்ன ஆவணங்களைப் பார்ப்பேன், பயணச் செலவும் நகல் கட்டணமும் தனி என்று எழுத்தில் கொடுத்துவிட்டு, முன்பணம் வாங்குகிறார்கள். முடிவில் அறிக்கை உண்டு. எதைப் பார்த்தேன், அதில் என்ன கிடைத்தது, எதில் கிடைக்கவில்லை, எது உறுதி, எது ஊகம் என்று அதில் இருக்கும். ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் அறிக்கை கொடுத்தாக வேண்டும். ‘இந்த நான்கு இடங்களில் இல்லை’ என்று தெரிவதும் அடுத்து தேடுகிறவருக்கு உதவும்.

சொல்லலாமா, கூடாதா?

இன்னொரு சிக்கல், விரும்பாத உண்மை. ‘எங்கள் கொள்ளுப்பாட்டி, தாத்தாவோடு கப்பலில் வந்தவர்’ என்று குடும்பத்தில் சொல்லி வந்திருப்பார்கள். பதிவேட்டில் அவர் கைக்குழந்தையோடு தனியாக ஏறியிருப்பார். அப்படி ஏறிய பெண்கள் பலர் உண்டு. குடும்பம் இன்று சொல்லிக்கொள்ளும் சாதி ஒன்றாகவும், பதிவேட்டில் இருப்பது வேறாகவும் இருக்கும். எழுதிய குமாஸ்தா தவறாகவும் எழுதியிருக்கலாம். புதிய மண்ணில் புதிய வாழ்க்கை தொடங்கியவர், தானே மாற்றிச் சொல்லியிருக்கவும் கூடும்.

ஆய்வாளரின் வேலை தீர்ப்புச் சொல்வதல்ல. ஆவணத்தில் இருப்பதை இருக்கிறபடி எழுத வேண்டும். ‘உங்கள் குடும்பக் கதைக்கு மாறாக எதுவும் வந்தால் அதையும் சொல்லலாமா?’ என்று தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது. உயிரோடு இருப்பவர்களின் விவரங்களை அவர்கள் சம்மதம் இல்லாமல் இணையத்தில் போடவே கூடாது. டி.என்.ஏ. சோதனை செய்ய விரும்புகிறவர்களுக்கும், எதிர்பாராத உறவுகள் வெளிப்படலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எப்படித் தொடங்குவது?

உங்கள் குடும்பத்திலிருந்தே தொடங்குங்கள். உங்களிடமிருந்து பின்னோக்கி ஒவ்வொரு படியாகப் போங்கள். ‘இவர் இவருடைய மகள்’ என்ற ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் ஆதாரம் வேண்டும். ஆதாரம் இல்லாத இடத்தில் புள்ளிக்கோடு போடுங்கள். மூன்று தலைமுறையை இப்படி முடித்தாலே, எங்கெல்லாம் தடுக்கி விழுவோம் என்பது புரிந்துவிடும். ‘ஃபேமிலி சர்ச்’ இணையதளமும் ‘கிராம்ப்ஸ்’ மென்பொருளும் இலவசம். பழகிப் பாருங்கள்.

அடுத்து, முறையான பயிற்சி. அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழகம் இணைய வழியில் சான்றிதழ் படிப்பு நடத்துகிறது. ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்பே இருக்கிறது. கட்டணம் அதிகம் என்று நினைப்பவர்கள், 1964-ல் தொடங்கப்பட்ட அமெரிக்கச் சான்றளிப்பு வாரியம் வகுத்த ஐந்து விதிகளையாவது மனதில் வைத்துக்கொள்ளலாம். தேட வேண்டிய இடங்களையெல்லாம் தேடு. எங்கே கிடைத்தது என்று குறித்து வை. ஒன்றோடு ஒன்றை ஒப்பிடு. முரண்பாடு வந்தால் தீர்த்துவிட்டுப் போ. முடிவைக் காரணத்தோடு எழுது.

பிறகு, ஒரு துறையைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் மாவட்டம், அல்லது பழைய பத்திரங்கள், அல்லது தேவாலயப் பதிவேடுகள். ‘வடஆற்காடு நில ஆவணமா, இவரைக் கேளுங்கள்’ என்று பெயர் வாங்குவது, எல்லாம் செய்வேன் என்பதைவிட மேல். ஆவண நகல் எடுத்துத் தருவது, பழைய பத்திரத்தை மொழிபெயர்ப்பது, குடும்ப வரலாற்றைப் புத்தகமாக்குவது, பூர்வீகம் தேடி வருகிறவர்களுக்கு வழிகாட்டியாகப் போவது என்று துணை வேலைகள் நிறைய உண்டு. தொடக்கத்தில் இவைதான் கைச்செலவுக்கு உதவும். முதல் வருடத்திலேயே இருக்கும் வேலையை விட்டுவிட்டு இறங்க வேண்டாம். ஒரு வாடிக்கையாளர் திருப்தியாகப் போனால், அவருடைய அத்தை, சித்தப்பா, மாமா என்று குடும்பமே பின்னால் வரும்!

இப்போது அந்த டர்பன் அம்மாவை மறுபடி நினைத்துப் பாருங்கள். ஊருக்குக் கிளம்பும் முன்பே ஓர் ஆய்வாளரைப் பார்த்திருந்தால் அவர் கையில் இப்படி ஓர் அறிக்கை இருந்திருக்கும்: ‘உங்கள் கொள்ளுத்தாத்தா கப்பல் ஏறியது உறுதி. இந்தத் தாலுகா உறுதி. அந்தப் பெயரில் இரண்டு கிராமங்கள் உண்டு. அடுத்த எண்ணில் இருந்தவரின் பதிவை வைத்துப் பார்த்தால், இந்தக் கிராமமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எந்த வீடு என்பதற்கு இதுவரை ஆதாரம் இல்லை.’

வாழை இலை விருந்து அப்போதும் நடந்திருக்கும். நம் ஊர்க்காரர்கள் சாப்பிடாமல் அனுப்புவார்களா, என்ன? ஆனால், அந்த அம்மா தன் பேரப் பிள்ளைகளிடம் போய்ச் சொல்லும் வார்த்தை, நிஜமான வார்த்தையாக இருந்திருக்கும்.

அடுத்த முறை கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ ஊருக்குப் போகும்போது, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வயதானவரிடம் ஒரு நோட்டும் பேனாவுமாகப் போய் உட்காருங்கள். ‘‘உங்க அம்மாவுக்கு அம்மா பேரு என்ன பாட்டி?’’ என்று கேளுங்கள். எழுதும்போது தேதியையும், சொன்னவர் பெயரையும் மறக்காமல் போடுங்கள்.